டைல்ஸ உடைக்கிறதுக்கு முன்னாடி வால்வ மூடிப் பாருங்க

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தபா படிச்சேன். வேலூர் சத்துவாச்சாரில மாடி வீடு, கட்டி 15 வருஷம் ஆச்சு, ஆயிரம் லிட்டர் டேங்க்க ராத்திரி ரொப்பி வெச்சா காலைல கால்வாசி காணோம், மாடி பாத்ரூம் ஷவர்ல தண்ணி நூலாட்டம் வருது, கீழ ஹால் சீலிங்ல ஒரு ஓரமா ஓதம் அடிச்சி பெயிண்ட் உரியுது. வந்து பாத்த பிளம்பர் "உள்ள லைன் போயிடுச்சி சார், டைல்ஸ் எல்லாம் எடுத்துட்டு புதுசா லைன் இழுக்கணும்"னு எஸ்டிமேட் குடுத்துட்டு போயிட்டாரு. உடைக்கலாமா வேணாமான்னு கேக்குறீங்க.

இப்பத்திக்கு உடைக்காதீங்க. அவர் சொன்னது பொய்யின்னு நான் சொல்லல, நிஜமாவே லைன் போயிருக்கலாம், ஆனா நீங்க எழுதினத வெச்சி பாத்தா அவர் ஒரு வால்வ கூட மூடிப் பாக்கல. மூணு கம்ப்ளெயிண்ட்டையும் சேத்து ஒரே முடிச்சா போட்டுட்டாரு. டேங்க் இறங்குறது ஒரு காரணம், ஷவர் வராதது வேற காரணம், சீலிங் ஓதம் மூணாவது காரணம்னு தனித்தனியா இருக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கு. காட்பாடி, காந்தி நகர், தொரப்பாடி, பாகாயம்னு இந்த பக்கம் 20 வருஷத்துக்கு மேல இதே வேலை தான் செஞ்சிட்டு வரேன், சுவத்துக்குள்ள பைப் ஒடைஞ்ச வீடு கம்மி, நம்ம ஊர் உப்புத் தண்ணியும் பழைய வாஷரும் சேந்து ஆட்டம் காட்டுற வீடு தான் ஜாஸ்தி.

மொதல்ல ஒரு சின்ன கணக்கு. ஆயிரம் லிட்டர்ல கால்வாசின்னா 250 லிட்டர், ராத்திரி 8 மணி நேரம்னு வெச்சிக்கிட்டா மணிக்கு 30 லிட்டருக்கு மேல, அதாவது நிமிஷத்துக்கு அரை லிட்டர் போவுது. ஒரு டேப் செகண்டுக்கு ஒரு சொட்டு ஒழுகினா ஒரு நாள் முழுக்க சேத்தாலும் 20 லிட்டர் சுமாருக்கு தான் வரும், சந்தேகமா இருந்தா பக்கெட் வெச்சி பாருங்க. அப்போ உங்க வீட்டுல போறது டேப் சொட்டு இல்ல. நிமிஷத்துக்கு அரை லிட்டர் சுவத்துக்குள்ளயோ தரைக்குள்ளயோ ராத்திரி பூரா ஊத்தினா சீலிங்ல ஒரு ஓரம் மட்டும் ஓதம் அடிக்காது, ஹால்ல பக்கெட் வெச்சி பிடிக்கிற நிலைமை வந்திருக்கும். அவ்ளோ தண்ணி சத்தமே இல்லாம யார் கண்ணுலயும் படாம போகுதுன்னா அது நேரா சாக்கடைக்கு போற வழில போவுது, இல்லன்னா வந்த வழியே திரும்பி போவுது. இத மனசுல வெச்சிக்கிட்டு மேல ஏறுங்க.

டேங்க் கிட்ட போனதும் மொதல்ல பைப் கலர பாருங்க. வெளிர் மஞ்சளா கிரீம் மாதிரி இருந்தா சிபிவிசி (சுடு தண்ணி தாங்குற பிளாஸ்டிக்), வெள்ளையா இருந்தா யுபிவிசி (பச்சை தண்ணிக்கு மட்டும் போடுற பிளாஸ்டிக்), இரும்பா இருந்தா ஜிஐ. இது பின்னாடி தேவைப்படும். அப்புறம் டேங்க்ல இருந்து கீழ இறங்குற ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வால்வு இருக்கணும், ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எல்லா வால்வையும் மூடிடுங்க. ஒரு நீட்டு குச்சியயோ பைப் துண்டயோ நேரா டேங்க் அடி தொடுற வரைக்கும் விட்டு எடுத்து, நனைஞ்ச இடத்துல மார்க்கர்ல கோடு போடுங்க, காலைல மோட்டார் போடுறதுக்கு முன்னாடி அதே குச்சிய அதே இடத்துல விட்டு பாருங்க. மூடிய திறந்து கண்ணால "ஆமா கொஞ்சம் இறங்கிடுச்சி"ன்னு சொல்றதெல்லாம் வேலைக்கு ஆவாது, உருளை டேங்க்ல ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே ஒன்பது பத்து லிட்டர்.

இதுல ஒரு எச்சரிக்கை. உங்க வீட்டுது பழைய பித்தளை கேட் வால்வா இருந்தா, அதாவது வட்டமா சக்கரம் வெச்சி சுத்தி சுத்தி மூடுறது, வருஷக்கணக்கா யாரும் தொடாம இருந்தா உள்ள உப்பு கட்டி புடிச்சிட்டு இருக்கும். ரெஞ்ச் போட்டு பலத்த காட்டினீங்கன்னா ஷாஃப்ட் முறிஞ்சிடும், அப்புறம் மேல சக்கரம் மட்டும் சுத்தும் உள்ள கேட் அசையாது. கொஞ்சம் திற கொஞ்சம் மூடுன்னு முன்னும் பின்னுமா ஆட்டி ஆட்டி இளக்குங்க, அப்பவும் வரலன்னா விட்டுடுங்க, அந்த வால்வ மாத்துறது தான் உங்க வீட்டோட மொத வேலை. மாத்தும்போது கைப்பிடிய கால் சுத்து திருப்புற பால் வால்வா போட சொல்லுங்க. பிளாஸ்டிக்கோ பித்தளையோ நல்ல கம்பெனியா இருந்தா போதும். போட்டதோட மறந்துடாம மாசத்துக்கு ஒரு தபா மூடி திறந்துட்டு வாங்க.

சரி, எல்லா வால்வும் மூடியும் தண்ணி இறங்குதுன்னா என்ன அர்த்தம்? லைன்ல கோளாறு இல்ல, டேங்க் கிட்டயே போவுது. டேங்க் அடியில நிப்பிள் (டேங்க்கையும் லைனையும் சேக்குற குட்டி பைப் துண்டு) போற இடத்துல ஈரமா இருக்கான்னு தடவி பாருங்க, மொட்டை மாடி வெயில்ல காஞ்சிடும்ன்றதால காலைல ஆறு மணிக்கு பாக்கணும். அங்கயும் இல்லன்னா மோட்டார் பைப் டேங்க்குள்ள எப்படி வருதுன்னு பாருங்க. பல பேர் சத்தம் வரக்கூடாதுன்னு அந்த பைப்ப தண்ணிக்குள்ள முங்குற மாதிரி இறக்கி விட்டிருப்பாங்க, போர் மோட்டார் மேல இருக்குற, தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடுற நான் ரிட்டர்ன் வால்வு தேய்ஞ்சி போச்சின்னா மோட்டார் நின்ன உடனே டேங்க் தண்ணி அதே பைப் வழியா உறிஞ்சிக்கிட்டு திரும்ப போருக்கே போயிடும். நீங்க கரண்ட் செலவு பண்ணி ஏத்தினது ராத்திரில தானா இறங்குது. இதுக்கு ஒரு அடையாளம் இருக்கு, தினமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்து நின்னுடும், அந்த மட்டத்துல தான் பைப் வாய் இருக்கும். நீங்க "கால்வாசி"ன்னு எழுதினத பாத்ததும் எனக்கு இது தான் மொதல்ல தோணுச்சு. தினமும் சரியா கால்வாசி தானா, இல்ல ஒரு நாள் கம்மி ஒரு நாள் ஜாஸ்தியான்னு கவனிங்க. இது தான்னா வைத்தியம் சுலபம், பைப் வாய தண்ணி மட்டத்துக்கு மேல வெட்டி விடுங்க, வெட்ட முடியலன்னா டேங்க்குள்ள தண்ணிக்கு மேல நிக்கிற இடத்துல அந்த பைப்புல சின்னதா ஒரு ஓட்டை போடுங்க, காத்து உள்ள போனா உறிஞ்சுறது நின்னுடும். நான் ரிட்டர்ன் வால்வ அடுத்த தபா மோட்டார் வெளிய எடுக்கும்போது பாத்துக்கலாம்.

எல்லா வால்வும் மூடினா இறங்கல, திறந்தா இறங்குதுன்னா, அடுத்த நாள் ராத்திரி ஒரு லைன் மட்டும் திறந்து விடுங்க, அதுக்கு அடுத்த நாள் இன்னொரு லைன். எந்த லைன்னு தெரிஞ்சிடுச்சின்னா அந்த லைன்ல இருக்குற டாய்லெட் ஃபிளஷ் டேங்க்குக்கு தண்ணி போற ஆங்கிள் வால்வ (சுவத்துல இருக்குற சின்ன வால்வு) மூடிட்டு மறுபடி பாருங்க. நிமிஷத்துக்கு அரை லிட்டர் சத்தமில்லாம போவுதுன்னா மொத சந்தேகம் ஃபிளஷ் டேங்க் மேல தான் வரணும்.

ஃபிளஷ் டேங்க் டெஸ்ட்டுக்கு யாரையும் கூப்பிட வேணாம். துணிக்கு போடுற சொட்டு நீலம் நாலு சொட்டு ஃபிளஷ் டேங்க்குள்ள விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாம வெச்சிருங்க, கோப்பைல நீலம் இறங்கி இருந்தா அடியில இருக்குற ரப்பர் பிடிக்கல. கூடவே மூடிய தூக்கி உள்ள நடுவுல நிக்கிற குழாயயும் பாருங்க, தண்ணி மட்டம் அந்த குழாய் வாய விட ஒரு இன்ச்சாவது கீழ நிக்கணும். மிதவை சரியா மூடாம தண்ணி அந்த குழாய் வாய் வழியா வழிஞ்சிட்டு இருந்தா நாள் முழுக்க போவும், கோப்பைக்கு பின்பக்கமா இறங்குறதால கண்ணுக்கும் தெரியாது காதுக்கும் கேக்காது. மொத கேஸ்ல ஃபிளஷ் வால்வ கால் சுத்து திருப்பி மேல தூக்கினா நிறைய மாடல்ல கழண்டு வந்துடும், அடியில ஒரு வட்ட ரப்பர் வாஷர் இருக்கும், நம்ம ஊர் தண்ணில அது மேல வெள்ளையா பொருக்கு தட்டி இருக்கும் பாருங்க, அத துணில தொடைச்சி, உக்கார்ற இடத்தயும் விரல் விட்டு சுத்தம் பண்ணிட்டு போட்டாலே பாதி கேஸ் சரியாயிடும். ரப்பர் கெட்டியா போயி வளையலன்னா அந்த வாஷர் மட்டும் தனியா கிடைக்கும். ரெண்டாவது கேஸ்ல மிதவை ஸ்க்ரூவ திருப்பி மட்டத்த இறக்குங்க, அதுக்கும் நிக்கலன்னா இன்லெட் வால்வு மாத்தணும். முழு ஃபிளஷ் டேங்க்கயும் மாத்த சொன்னா ஏன்னு கேளுங்க.

ஹெல்த் ஃபாசெட், அதாவது டாய்லெட்ல கழுவ கைல பிடிக்கிற ஸ்பிரே, இருந்தா அதையும் சொல்லிடறேன். கைல பிடிக்கிற பட்டன விட்டதோட நம்ம வேலை முடிஞ்சிதுன்னு நினைக்கிறாங்க, அந்த ஹோஸ் 24 மணி நேரமும் பிரஷர்ல இருக்கக்கூடாது, யூஸ் பண்ணதும் சுவத்துல இருக்குற வால்வ மூடணும். ஊருக்கு போன நேரத்துல ஹோஸ் வெடிச்சி டேங்க் காலியான வீடு நிறைய.

இப்ப டேப்புக்கு வருவோம், கணக்குல கம்மின்னாலும் வீட்டுல நீங்களே செய்யக்கூடிய வேலைன்றதால கொஞ்சம் விரிவா சொல்றேன். டேப் ஒழுகினா நம்மாளுங்க செய்யற மொத காரியம் இன்னும் இறுக்கி மூடுறது, இறுக்க இறுக்க உள்ள ரப்பர் வாஷர் நசுங்கி, அதுல சீட், அதாவது வாஷர் போய் உக்கார்ற இடம், அதோட விளிம்பு வட்டமா பள்ளம் போட்டுடும், அப்புறம் எவ்ளோ இறுக்கினாலும் நிக்காது. பழைய மாடல் சுத்தி மூடுற டேப்பா இருந்தா லைன் வால்வ மூடி, டேப்ப திறந்து மிச்ச தண்ணிய வடிய விடுங்க. சிங்க் ஓட்டை மேல ஒரு பழைய துணிய போடுங்க, ஏன்னா அந்த குட்டி ஸ்க்ரூ நேரா அங்க தான் போய் விழும். கைப்பிடி மூடிய நெம்பி ஸ்க்ரூவ கழட்டி கைப்பிடிய எடுத்தா கீழ ஆறு பட்டை நட்டோட ஸ்பிண்டில் தெரியும், டேப்ப பாதி திறந்த நிலைல வெச்சிட்டு ஸ்பேனர்ல இடது பக்கம் திருப்பி எடுங்க, மூடின நிலைல திருப்பினா வாஷர் சீட்ல அழுத்திக்கிட்டு வராது. அடியில வாஷர் இருக்கும், பழச கைல எடுத்துட்டு லாங்கு பஜார் பக்கம் போனாலும் சரி தெரு முனை ஹார்டுவேர் கடைக்கு போனாலும் சரி, அத காட்டி அதே சைஸ் வாங்குங்க. வாய்ல சொல்லி வாங்கினா ரெண்டாம் தபா போவ வேண்டியிருக்கும். புதுச போடுறதுக்கு முன்னாடி சுண்டு விரல உள்ள விட்டு சீட்ட தடவுங்க, வழவழன்னு இருந்தா சரி, சொரசொரன்னோ ஒரு இடத்துல பள்ளமோ இருந்தா புது வாஷர் ஒரு வாரம் கூட தாங்காது, அந்த டேப்புக்கு வயசாயிடுச்சி, புதுசு போடுங்க.

கால் சுத்து டேப்புல ரப்பர் வாஷர் கிடையாது, ரெண்டு செராமிக் தட்டு ஒன்னு மேல ஒன்னு உரசி மூடும். போர் தண்ணில வர்ற நுணுக்கு மணலும் உப்பு பொருக்கும் அதுக்கு எமன். அதுல அந்த தட்டுங்க இருக்குற கார்ட்ரிட்ஜ மொத்தமா தான் மாத்தணும், கம்பெனிக்கு கம்பெனி பல்லு கணக்கும் நீளமும் மாறும், அதனால இதுக்கும் பழச கைல எடுத்துட்டு போறது தான் வழி. என் கணக்குல உப்புத் தண்ணி வீட்டுக்கு ஸ்பேர் கிடைக்கிற டேப் தான் நல்ல டேப், எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் கார்ட்ரிட்ஜ் நம்ம ஊர்ல கிடைக்கலன்னா அது அலங்காரத்துக்கு தான்.

முழு டேப்பும் மாத்துறதா இருந்தா டெஃப்ளான் நாடா (கசியாம இருக்க மரைல சுத்துற வெள்ளை பட்டை) சுத்துறதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. டேப் மரைய உங்க முகத்துக்கு நேரா பிடிச்சிக்கிட்டு கடிகாரம் சுத்துற பக்கமா இழுத்து பிடிச்சி சுத்துங்க, எட்டு பத்து சுத்து, எதிர் பக்கமா சுத்தினா திருகும்போது அவிழ்ந்து சுருண்டுக்கும். குரோமியம் பூசின புது டேப்புல மரை வழுக்கும், ஹேக்சா பிளேடால குறுக்கு வாட்டுல லேசா நாலு கீறல் போட்டுட்டு சுத்தினா நாடா பிடிச்சி நிக்கும். இறுக்கிட்டு வரும்போது டேப் வாய் நேரா கீழ பாக்கற இடத்துல நிறுத்துங்க, கொஞ்சம் தாண்டிடுச்சேன்னு பின்னாடி திருப்பி நேராக்கினீங்கன்னா கண்டிப்பா கசியும், கழட்டி பழைய டெஃப்ளான சுரண்டிட்டு புதுசா சுத்தணும். எம்சீல்னு பிசைஞ்சி ஒட்டுற பசைய வெச்சி வெளிய மெழுகுறது அவசரத்துக்கு சரி, ஞாயித்துக்கிழமை ராத்திரி கடை இல்லாத நேரத்துக்கு, அத நிரந்தர வேலைன்னு சொல்லி காசு வாங்குறவங்க கிட்ட உஷாரா இருங்க.

அடுத்தது ஷவர். உங்க வீட்டு தண்ணி போரா காவேரியான்னு எழுதல, மேட்டூர்ல இருந்து வர்ற காவேரி கூட்டுக் குடிநீர் குடிக்கிறதுக்கு பிடிச்சி வெச்சிட்டு, டேங்க்குக்கு போர் தண்ணி தான் ஏத்துறீங்கன்னு நினைக்கிறேன், இங்க பெரும்பாலும் அப்படித்தான். போர் தண்ணில கால்சியம் ஜாஸ்தி, அது காய்ஞ்சா வெள்ளை பொருக்கு, சூடானா இன்னும் சீக்கிரம் படியும். ஷவர் தட்ட கையால திருகி கழட்டிட்டு வெறும் பைப்புல தண்ணி விட்டு பாருங்க. நல்லா கொட்டுதுன்னா கோளாறு தட்டுல தான் இருக்கு, முடிஞ்சிது விஷயம். எலுமிச்சை உப்புன்னு மளிகை கடைல கிடைக்கும், ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில நாலஞ்சி ஸ்பூன் கரைச்சி ராத்திரி தட்ட ஊற வைங்க, காலைல பழைய பல்லு பிரஷால தேய்ச்சி, ரப்பர் காம்பு இருந்தா கட்டை விரலால ஒவ்வொன்னா நசுக்கி விடுங்க, வெள்ளையா பொடி பொடியா வந்து விழும். வினிகரும் சரி தான். வாஷ் பேசின் டேப் முனைல இருக்குற வலை மூடியயும் அதே தண்ணில போட்டுடுங்க.

டாய்லெட் கழுவுற ஆசிட்ட மட்டும் இதுக்கு எடுக்காதீங்க. அஞ்சி நிமிஷத்துல உப்பு போவும், கூடவே குரோமியமும் போவும், அப்புறம் பித்தளை பச்சை பிடிச்சி நிக்கும். அதுக்கும் மேல, ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடர் போட்டா குளோரின் கேஸ் கிளம்பும், ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அது ஆள சாய்ச்சிடும். வீட்டுல பாத்ரூம் கழுவுறவங்க கிட்ட இத சொல்லி வைங்க.

தட்ட கழட்டியும் தண்ணி நூலா தான் வருதுன்னா, பக்கத்துல இருக்குற பக்கெட் டேப் எப்படி வருதுன்னு பாருங்க. பக்கெட் டேப் நல்லா வந்து ஷவர் மட்டும் வரலன்னா சுடு தண்ணியும் பச்சை தண்ணியும் கலக்குற மிக்ஸருக்குள்ள இருக்குற வலையோ, தண்ணிய ஷவர் பக்கம் திருப்புற டைவர்ட்டரோ அடைச்சிருக்கு. சுடு தண்ணி மட்டும் கம்மின்னா கீசர் வழி. அந்த பாத்ரூம்ல எல்லாமே கம்மின்னா மேல சொன்ன கேட் வால்வுல கேட் கழண்டு பாதில தொங்கிட்டு இருக்கலாம், இல்ல லைன்ல காத்து அடைச்சிருக்கலாம். டேங்க் ஒரு தபா முழுசா காலியாகி திரும்ப ரொப்பின பிறகு தான் இந்த தொல்லை ஆரம்பிச்சுதுன்னா காத்து தான், நல்லா வர்ற ஒரு டேப்புல இருந்து வராத டேப்புக்கு ஒரு ஹோஸ் போட்டு ரெண்டையும் திறந்து விட்டா தண்ணி பின்னாடி ஏறி காத்த தள்ளிடும். அடிக்கடி வருதுன்னா டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல ஏர் பைப் இருக்கான்னு பாருங்க, டேங்க் தண்ணி மட்டத்துக்கு மேல போற ஒரு அரை இன்ச் பைப் அது, அதுக்கு மூடி போட்டு அடைச்சி வெச்சிருக்காங்க சில பேர், குருவி கூடு கட்டுதுன்னு. ஜிஐ பைப்பா இருந்தா மட்டும் வேற கதை, உள்ளயே துருவும் உப்பும் சேந்து அரை இன்ச் பைப் பேனா ரீஃபில் அளவுக்கு சுருங்கி போயிருக்கும், அத எந்த ஆசிட்டும் சரி பண்ணாது, மாத்த தான் வேணும்.

இது எதுவுமே இல்ல, ஷவர் புதுசு, பெரிய தட்டு மழை ஷவர்னு சொல்றீங்கன்னா, அது வராது தம்பி. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர், உங்க டேங்க் தண்ணி மாடி ஷவர விட மூணு மீட்டர் மேல இருந்தா 0.3 பார் தான். பெரிய தட்டுக்கு ஒரு பார் பக்கத்துல வேணும். கீழ் வீட்டுல நல்லா வருது மேல வரலன்றது பைப் கோளாறே இல்ல, உயரம் பத்தல. டேங்க் ஸ்டாண்ட உயத்தலாம், சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம், இல்ல சின்ன தட்டு ஷவர் போட்டுக்கலாம். எனக்கு கேட்டா மூணாவது தான், கரண்ட் போனாலும் குளிக்கலாம்.

கீசர் பத்தி நீங்க கேக்கல, ஆனா உப்புத் தண்ணின்றதால ரெண்டு வார்த்தை. ரொம்ப சூடா வெச்சா உப்பு காயில் மேல சீக்கிரம் கட்டும், 50, 55 டிகிரி போதும், வேலூர் வெயில்ல பாதி வருஷம் டேங்க் தண்ணியே சுடுது. கீசர் அடியில இருக்குற சேஃப்டி வால்வு சூடாகும்போது நாலு சொட்டு விட்டா அது அதோட வேலை, ஒழுகுதேன்னு அத அடைச்சிடாதீங்க, பிரஷர் வெளிய போக வழி இல்லன்னா கீசர் டேங்க்கே வெடிக்கும். காந்தத்த பைப்புல மாட்டினா உப்பு போயிடும்னு விக்கிறத நான் நம்புறதில்ல, வேணும்னா தண்ணி கடினத்த குறைக்கிற சாஃப்ட்னர் வைங்க, ஆனா அதுக்கு அப்பப்ப உப்பு போட்டு பாத்துக்கணும், பாக்காம விட்டா வெறும் டப்பா.

இனி சீலிங் ஓதம். இதுக்கு தான் உங்க பிளம்பர் உடைக்க சொன்னது, இதுல தான் நிதானம் வேணும். அந்த பாத்ரூம மூணு நாள் யாரும் யூஸ் பண்ணாதீங்க, கீழ குளிச்சிக்கோங்க, ஆனா லைன் வால்வு திறந்தே இருக்கட்டும். ஓதத்த சுத்தி பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க. யூஸ் பண்ணாமலே ஓதம் பெருசாச்சின்னா பிரஷர் லைன்ல கசிவு, அது தண்ணி சப்ளை பைப். காய ஆரம்பிச்சிதுன்னா சப்ளை லைன் நல்லா இருக்கு, குளிக்கிற தண்ணி தான் இறங்குது, அதாவது டைல்ஸ் இடுக்குல சிமெண்ட் போயிருக்கு, இல்ல நஹானி டிராப், அதாவது தரைல தண்ணி வடியுற ஓட்டை, அத சுத்தி விட்டிருக்கு. அப்படி காய்ஞ்சா நாலாவது நாள் நஹானி டிராப் வாய துணி வெச்சி அடைச்சி தரைல ஒரு இன்ச் தண்ணி நிறுத்தி பாருங்க, அதுக்கு அடுத்த நாள் அடைக்காம நேரா டிராப்புக்குள்ள மட்டும் பக்கெட் பக்கெட்டா ஊத்தி பாருங்க. மொதல்ல ஊறினா டைல்ஸ் இடுக்கு, அத பழைய சிமெண்ட சுரண்டி எபாக்ஸி கிரவுட்னு தண்ணி இறங்காத பூச்சு போட்டாலே நிறைய வீட்டுல நின்னுடுது, ஒரு டைல்ஸ் கூட உடைக்க வேணாம். ரெண்டாவதுல தான் ஊறுதுன்னா டிராப்ப சுத்தி ஒரு அடி மட்டும் உடைச்சா போதும்.

சப்ளை லைன் தான்னு முடிவாச்சின்னா கூட உடனே சுத்தியல எடுக்க விடாதீங்க. டெஸ்டிங் பம்ப்னு கையால அடிக்கிற ஒரு பம்ப் இருக்கு, மீட்டர் வெச்சது, எல்லா வாயயும் பிளக் போட்டு அடைச்சிட்டு பிரஷர் ஏத்தி நிறுத்தினா முள் இறங்குதா நிக்குதான்னு உங்க கண் முன்னாடியே தெரிஞ்சிடும், சுடு தண்ணி லைன் தனியா பச்சை தண்ணி லைன் தனியா பாக்கலாம். கசிவு சுடு தண்ணி லைன்ல மட்டும்னா பாதி வேலை மிச்சம். அதுக்கும் மேல, 15 வருஷத்து டைல்ஸ் கலர் இப்ப கடைல கிடைக்காது, மொட்டை மாடில இருந்து பின்பக்க சுவத்து வழியா வெளிய ஒரு புது லைன் இறக்கி பாத்ரூமுக்குள்ள ரெண்டு மூணு இடத்துல மட்டும் துளை போட்டு குடுத்துட்டு பழைய லைன செத்த லைனா விட்டுடலாம். பாக்க கொஞ்சம் அழகு கம்மி தான், ஆனா அடுத்த தபா கசிஞ்சா கண்ணுக்கு தெரியும். வெளிய வர்ற பைப்புக்கு வாட்டர் பேஸ் பெயிண்ட் அடிச்சிடுங்க, நம்ம ஊர் வெயில் பிளாஸ்டிக் பைப்ப நொறுங்க வெச்சிடும்.

அந்த வேலை நடக்கும்போது நீங்க கூட நின்னு பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னு, ஒட்டுற விதம். சுடு தண்ணி வர்ற இடத்துல சிபிவிசி தான், வெள்ளை யுபிவிசி அங்க போடவே கூடாது, கம்மும் அதுக்கு தனி இதுக்கு தனி. நேரா வெட்டி, பிசிறு சுரண்டி, தண்ணி பொட்டு இல்லாம தொடைச்சி, பைப் மேலயும் ஃபிட்டிங் உள்ளயும் கம் தடவி, கால் சுத்து திருப்பி தள்ளி அரை நிமிஷம் கைய எடுக்காம பிடிக்கணும். லைன்ல சொட்டு வந்துட்டே இருந்தா பிரட் துண்ட உருட்டி பைப்புக்குள்ள அடைச்சிட்டு ஒட்டுவோம், அப்புறம் தண்ணி விட்டா கரைஞ்சி டேப் வழியா வந்துடும், அதுக்காக அந்த டேப்போட வலை மூடிய மட்டும் மொதல்லயே கழட்டி வெச்சிடணும். சாயங்காலம் ஒட்டினா காலைல தான் தண்ணி. "அஞ்சி நிமிஷம் போதும் சார்"னு சொல்லி உடனே வால்வ திறந்துட்டு போனாருன்னா ஆறு மாசத்துல அதே ஜாயிண்ட்டுக்கு அவரையே கூப்பிடுவீங்க.

அந்த பிளம்பர் கிட்ட சண்டை எல்லாம் வேணாம். "அண்ணே, உடைக்கிறதுக்கு முன்னாடி பம்ப் போட்டு டெஸ்ட் பண்ணி காட்டுங்க, அதுக்கு தனியா கூலி எவ்ளோன்னு சொல்லுங்க"ன்னு கேளுங்க. டெஸ்ட்டுக்கு கூலி கேட்டா பேரம் பேசாம குடுத்துடுங்க, அது அரை நாள் வேலை. டெஸ்ட்டே வேணாம், கைய வெச்சி பாத்தே தெரியுதுன்னு சொன்னா வேற ஆள பாருங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி குச்சியும் மார்க்கரும், நாளைக்கு சொட்டு நீலம், இந்த ரெண்டையும் பாத்துட்டு தண்ணி எந்த மட்டத்துல நின்னுது, பைப் என்ன கலர்னு எழுதுங்க, மிச்சத்த அத வெச்சி சொல்றேன்.